கடல்சார் காகிதக் கைவினையின் வரலாறு

கடல்சார் காகிதக் கைவினை என்பது மீன், ஆமை, நண்டு, எண்காலி, கப்பல், அலை முதலிய கடல் தொடர்பான உருவங்களைக் காகிதத்தை மடித்தும், வெட்டியும், கிழித்தும், ஒட்டியும் சிறுவர்கள் உருவாக்கும் செயல்பாடு ஆகும். இன்று மழலையர் பள்ளிகளிலும் தொடக்கப் பள்ளிகளிலும் இது எளிய பொழுதுபோக்காகவே கருதப்படுகிறது. எனினும் இதன் பின்னே நீண்ட வரலாறு உண்டு. ஜப்பானியப் பரிசுப் பொதிகள், ஐரோப்பிய அச்சு நூல்கள், செருமானியக் கல்விச் சீர்திருத்தம், சென்னையில் அச்சான ஒரு கணித நூல் என வெவ்வேறு இடங்களில் தோன்றிய மரபுகள் கலந்தே இன்றைய வகுப்பறைக் கைவினை உருவாயிற்று. குழந்தை காட்டியதைப் பார்த்துச் செய்ய வேண்டுமா, தானே படைக்க வேண்டுமா என்ற கல்வியியல் விவாதமும் இவ்வரலாறு நெடுகத் தொடர்ந்து வந்துள்ளது.

காகிதத்தின் பரவல்

கி.பி. 105ஆம் ஆண்டில் சீன அரசவை அதிகாரி காய் லுன் காகிதம் செய்யும் முறையைச் செம்மைப்படுத்தி அரசருக்கு அறிவித்ததாகச் சீன வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அதற்கும் முற்பட்ட காகிதத் துண்டுகள் அகழாய்வுகளில் கிடைத்துள்ளன. கொரியா வழியாக 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தொழில் ஜப்பானை அடைந்தது. மேற்கே அரபு நாடுகளைக் கடந்து 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினுக்கும், 13ஆம் நூற்றாண்டில் இத்தாலிக்கும் சென்றது. தமிழில் வழங்கும் 'காகிதம்' என்ற சொல்லும் பாரசீக, அரபு மொழிகளின் 'காகஸ்' என்ற சொல்லோடு தொடர்புடையது.

காகிதம் வருவதற்கு முன்பே தமிழ்நாட்டுச் சிறுவர்களுக்கு மடித்தும் பின்னியும் பொம்மை செய்ய ஓலை இருந்தது. பனை, தென்னை ஓலைகளில் காற்றாடி, பாம்பு, பீப்பி, பந்து முதலியன செய்யும் பழக்கம் சிற்றூர்களில் இன்றும் காணப்படுகிறது. காகிதம் நெடுங்காலம் விலையுயர்ந்த பொருளாக இருந்ததால் குழந்தைகளின் விளையாட்டுக்குப் பயன்படவில்லை. 19ஆம் நூற்றாண்டில் மரக்கூழிலிருந்து இயந்திரங்கள் வழியே காகிதம் பெருமளவில் தயாரிக்கப்பட்ட பின்னரே அது எல்லா வீடுகளுக்கும் எட்டும் பொருளாயிற்று. பழைய செய்தித்தாளும் எழுதி முடித்த ஏட்டுத் தாளும் குழந்தைகளின் கைக்கு வந்தது அதன் பிறகே.

ஜப்பானிய மரபில் கடல்

ஜப்பானில் காகித மடிப்பு முதலில் சடங்கோடும் மரியாதையோடும் இணைந்திருந்தது. அம்மடிப்புகளுள் ஒன்றான 'நோஷி' கடலோடு நேரடித் தொடர்புடையது. அபலோனி எனப்படும் கடல் நத்தையின் தசையை நீண்ட நாடாவாகச் சீவி, உலர்த்தி, தட்டி நீட்டி, சிவப்பும் வெள்ளையுமான மடித்த காகிதத்தில் வைத்துப் பரிசுப் பொருளோடு கட்டி அளிப்பது வழக்கம். நீளும் தன்மையுடைய அந்நாடா நீண்ட ஆயுளின் அடையாளமாகக் கருதப்பட்டது. பின்னாளில் உண்மையான கடல் நத்தைக்குப் பதிலாக மஞ்சள் நிறக் காகிதப் பட்டை வைக்கப்பட்டது. இன்று பரிசு உறைகளில் அதன் படம் மட்டும் அச்சிடப்படுகிறது. இத்தகைய சடங்கு மடிப்புகளை இசே சததாகே என்ற அறிஞர் 1764ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் தொகுத்து விளக்கினார்.

கடல் சார்ந்த மற்றொரு மடிப்பு 'தமதேபாகோ' என்னும் பெட்டி ஆகும். இப்பெயர் உராஷிமா தாரோ என்ற மீனவனைப் பற்றிய நாட்டுப்புறக் கதையிலிருந்து வந்தது. ஆமை ஒன்றைக் காப்பாற்றிய உராஷிமா கடலுக்கு அடியில் உள்ள நாகராசனின் அரண்மனைக்கு அழைத்துச் செல்லப்படுகிறான். ஊர் திரும்பும்போது, திறக்கக் கூடாது என்ற எச்சரிக்கையோடு அவனுக்கு ஒரு பெட்டி அளிக்கப்படுகிறது. ஊரில் பல நூற்றாண்டுகள் கடந்துவிட்டதை அறிந்து, கலங்கி, அதனைத் திறந்தவுடன் முதுமையடைகிறான். ஆறு சதுரத் தாள்களை மடித்து ஒன்றோடொன்று செருகிச் செய்யப்படும் கனசதுரப் பெட்டி இப்பெயரால் அழைக்கப்பட்டது. மரவேலைப்பாட்டுக்கான வடிவங்களைத் தொகுத்த 'ரன்ம சூஷிகி' என்ற 1734ஆம் ஆண்டு நூலில் இப்பெட்டியின் படம் இடம்பெற்றுள்ளது. பல தாள்களை இணைத்து ஓர் உருவம் செய்யும் முறைக்குக் கிடைக்கும் பழைய சான்றுகளுள் இதுவும் ஒன்று.

குழந்தைகளிடையே பரவலாக அறியப்பட்டது 'தமாஷிபுனே' எனப்படும் ஏமாற்றுப் படகு. ஒருவர் படகின் பாயைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூட வேண்டும். மற்றவர் இரு மடிப்புகளைக் கீழிறக்கியதும், கண்ணைத் திறப்பவரின் கையில் பாய்க்குப் பதிலாகப் படகின் முனை இருக்கும். காகித மடிப்பு வெறும் உருவம் மட்டுமன்று, இருவர் சேர்ந்து ஆடும் விளையாட்டும் ஆகும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

மே 5ஆம் நாள் ஜப்பானில் வீடுகளின் முன் உயரக் கம்பங்களில் பறக்கவிடப்படும் மீன் கொடிகள் 'கொய்நோபோரி' எனப்படுகின்றன. எடோ காலத்தில் சாமுராய்க் குடும்பங்கள் ஆண் குழந்தைகளுக்காகக் கொடிகளை ஏற்றின. நகர மக்கள் காகிதத்தில் கெண்டை இன மீன் வடிவம் செய்து பறக்கவிட்டனர். ஓவியர் ஹிரோஷிகே 1857இல் வரைந்த எடோ நகரக் காட்சிகளுள் ஒன்றில் இம்மீன் கொடி பெரிதாக இடம்பெற்றுள்ளது. அருவியை எதிர்த்து ஏறிய மீன் நாகமாக மாறியது என்ற சீனக் கதையே இவ்வழக்கத்தின் அடிப்படை. இது ஆற்று மீன். கடல் மீன் அன்று. ஆயினும் உலகெங்கும் பள்ளிகளில் செய்யப்படும் காற்றில் ஆடும் காகித மீன்களுக்கு இதுவே முன்மாதிரி. 1948 முதல் ஜப்பானில் மே 5 குழந்தைகள் நாளாகத் தேசிய விடுமுறை பெற்றது.

19ஆம் நூற்றாண்டில் தோன்றிய 'கியோடாக்கு' என்ற மீன் அச்சுக் கலையும் குறிப்பிடத்தக்கது. பிடித்த மீனின் உடலில் மையைத் தடவி, அதன்மேல் மெல்லிய தாளை அழுத்தி எடுத்தால் செதில், துடுப்பு, கண் அனைத்தும் தாளில் பதியும். பிடித்த மீனின் உண்மையான அளவைப் பதிவு செய்யவே தூண்டில்காரர்கள் இதனைப் பயன்படுத்தினர். இன்று பள்ளிகளில் ரப்பர் மீன் அச்சுகளைக் கொண்டு இது கற்பிக்கப்படுகிறது.

ஐரோப்பாவில் காகிதக் கப்பல்

ஐரோப்பாவில் காகிதக் கப்பலைப் பற்றிய பழைய சான்றாக ஆய்வாளர்கள் சுட்டுவது ஒரு வானியல் நூலை. 13ஆம் நூற்றாண்டு அறிஞர் யோகன்னசு தெ சாக்ரோபோசுகோ எழுதிய கோளவியல் நூலின் 1490ஆம் ஆண்டு வெனிசுப் பதிப்பில் உள்ள ஒரு படத்தில், நீரில் மிதக்கும் கப்பல்கள் இன்று குழந்தைகள் மடிக்கும் காகிதக் கப்பலின் அதே வடிவில் காணப்படுகின்றன. அவை மடித்த காகிதம்தான் என்று உறுதிப்படுத்த எழுத்துச் சான்று இல்லை. வடிவ ஒற்றுமையே இக்கருத்துக்கு அடிப்படை.

ஆங்கிலக் கவிஞர் ஷெல்லி காகிதக் கப்பல் விடுவதில் பெருவிருப்பம் கொண்டிருந்தார். குளத்தையோ ஓடையையோ கண்டால் கையில் கிடைத்த தாளை மடித்து மிதக்கவிட்டு நெடுநேரம் பார்த்திருப்பார் என்று அவருடைய நண்பர் தாமஸ் ஹாக் எழுதியுள்ளார். 1822ஆம் ஆண்டு சூலையில் இத்தாலியக் கடற்கரைக்கு அப்பால் தம் பாய்மரப் படகு புயலில் மூழ்கியதால் அக்கவிஞர் உயிரிழந்தார்.

டென்மார்க் எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1838இல் வெளியிட்ட தகரச் சிப்பாய்க் கதையில், ஒற்றைக் கால் பொம்மைச் சிப்பாயைச் சிறுவர்கள் செய்தித்தாளில் செய்த படகில் ஏற்றிச் சாக்கடையில் விடுகின்றனர். தாள் நைந்து படகு மூழ்குவதும், சிப்பாயை மீன் விழுங்குவதும் கதையின் திருப்பங்கள். செய்தித்தாள் படகு அப்போதே குழந்தைகள் அனைவரும் அறிந்த பொருளாக இருந்ததை இக்கதை காட்டுகிறது. ஆண்டர்சன் காகிதம் வெட்டுவதிலும் தேர்ந்தவர். குழந்தைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டே கத்தரிக்கோலால் தாளை வெட்டி, கதை முடியும் தறுவாயில் விரித்துக் காட்டுவது அவர் வழக்கம். அவர் வெட்டிய தாள்களில் பல இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. இந்தியாவில் இரவீந்திரநாத் தாகூர் 1913இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட குழந்தைக் கவிதைத் தொகுப்பிலும் காகிதப் படகு பற்றிய கவிதை உண்டு.

மேற்கு நாடுகளில் காகிதக் கப்பலோடு ஒரு கதையும் சேர்ந்து வழங்குகிறது. முதலில் மடிக்கப்படுவது தொப்பி. அதையே மேலும் மடித்தால் கப்பல். கதையில் புயல் வீசும். பாறையில் மோதி முன்பகுதி உடையும், பின்பகுதி உடையும், மேற்கூரை பறக்கும். ஒவ்வொரு முறையும் கதை சொல்பவர் அந்தந்த மூலையைக் கிழித்துவிடுவார். இறுதியில் தாளை விரித்தால் கழுத்தும் கைகளும் உடைய சட்டை ஒன்று தோன்றும். கப்பல் தலைவனிடம் எஞ்சியது அதுவே. ஒரே தாளில் தொப்பி, கப்பல், சட்டை என மூன்று உருவங்களும் ஒரு கதையும் அடங்கிவிடுவதே இதன் சிறப்பு.

கடற்பாசியும் தாளும்

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் கடற்கரைக்குச் செல்வது மக்களிடையே பரவிய பழக்கமாயிற்று. 1853இல் இலண்டன் விலங்குக் காட்சியகத்தில் மீன்களுக்கெனப் பொதுக் காட்சிக்கூடம் திறக்கப்பட்டது. பிலிப் ஹென்றி காஸ் என்ற இயற்கையியலாளர் 1854இல் வெளியிட்ட நூல், கண்ணாடித் தொட்டியில் கடலுயிர் வளர்க்கும் ஆர்வத்தைப் பெருக்கியது. அதே காலத்தில் கடற்பாசிகளைத் திரட்டி, நீரில் மிதக்கவிட்டு, அடியில் தாளை நுழைத்து மெல்லத் தூக்கி, அழுத்தி உலர்த்தித் தொகுப்பேடு செய்வதும் பரவியது. பாசியில் உள்ள பசைப்பொருளே அதனைத் தாளில் ஒட்டிக்கொள்ளச் செய்யும்.

ஆன்னா அட்கின்ஸ் 1843இல் வெளியிடத் தொடங்கிய பிரித்தானியக் கடற்பாசிகள் பற்றிய நூல் முழுவதும் நீல அச்சு முறையில் உருவானது. இரும்பு உப்புகள் பூசிய தாளின் மேல் பாசியை வைத்து வெயிலில் காட்டினால், ஒளி பட்ட இடம் நீலமாகவும் பாசி மறைத்த இடம் வெண்மையாகவும் மாறும். ஒளிப்படங்களைக் கொண்டு வெளிவந்த முதல் நூலாக இது கருதப்படுகிறது. சிறுவர் கதைகள் எழுதிய மார்கரெட் கட்டி என்பவரும் 1863இல் கடற்பாசிகள் பற்றிய விரிவான நூலை வெளியிட்டார். உயர்கல்வி நிறுவனங்கள் பெண்களுக்கு மூடியிருந்த காலத்தில், கடற்கரையும் ஒரு கட்டுத் தாளும் அவர்களுக்கு அறிவியலின் வாயிலாக அமைந்தன. சூரிய ஒளியில் நீல அச்சு எடுப்பது இன்று பள்ளி அறிவியல் செயல்பாடுகளில் ஒன்றாக உள்ளது.

ஃப்ரோபெலும் மழலையர் பள்ளியும்

காகித மடிப்பை வீட்டு விளையாட்டிலிருந்து பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்தவர் செருமானியக் கல்வியாளர் ஃபிரெட்ரிக் ஃப்ரோபெல் (1782–1852). அவர் 1837இல் பாத் பிளாங்கன்பர்க் என்ற ஊரில் சிறு குழந்தைகளுக்கான நிறுவனத்தைத் தொடங்கினார். 1840இல் அதற்குக் 'குழந்தைகளின் தோட்டம்' எனப் பொருள்படும் 'கிண்டர்கார்டன்' என்ற பெயரைச் சூட்டினார். பந்து, கனசதுரம், உருளை முதலிய 'கொடைகள்' ஒருபுறமும், மடித்தல், வெட்டுதல், காகிதப் பட்டைகளைப் பின்னுதல், ஊசியால் துளையிடுதல் முதலிய 'பணிகள்' மறுபுறமுமாக அவருடைய முறை அமைந்தது.

மடிப்புகளை ஃப்ரோபெல் மரபினர் மூன்றாகப் பிரித்தனர். தாளின் விளிம்பு, மூலை, கோணம் ஆகியவற்றை அறியச் செய்யும் அறிவு வடிவங்கள் முதலாவது. சமச்சீரான பூக்களும் விண்மீன்களும் அமையும் அழகு வடிவங்கள் இரண்டாவது. படகு, தொப்பி, காற்றாடி போன்ற அன்றாட வாழ்க்கைப் பொருள்கள் மூன்றாவது. ஒரே அடிப்படை மடிப்பிலிருந்து காற்றாடி, பாய்மரப் படகு, இரட்டைப் படகு ஆகியவற்றை அடுத்தடுத்துப் பெறலாம். அந்த இரட்டைப் படகு ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' எனப்படுகிறது. இச்சொல் தமிழ்க் 'கட்டுமரம்' என்பதிலிருந்து சென்றது. ஆனால் மரங்களைச் சேர்த்துக் கட்டிய தமிழகக் கட்டுமரத்துக்கும், இரு உடல்களை உடைய இப்படகுக்கும் அமைப்பில் வேறுபாடு உண்டு.

1851இல் பிரசிய அரசு மழலையர் பள்ளிகளைத் தடை செய்தது. ஃப்ரோபெலின் உறவினர் ஒருவரின் அரசியல் கருத்துகளை இவருடையவை எனக் கருதியது இதற்கு ஒரு காரணம் எனப்படுகிறது. மறு ஆண்டே ஃப்ரோபெல் மறைந்தார். தடை 1860இல் நீக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பெர்த்தா ஃபான் மாரன்ஹோல்ட்ஸ்-பியூலோ முதலிய மாணவர்களும் ஆதரவாளர்களும் இம்முறையை இங்கிலாந்து, பிரான்சு உள்ளிட்ட நாடுகளுக்குக் கொண்டுசென்றனர்.

1876இல் டோக்கியோ பெண்கள் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியோடு இணைந்த மழலையர் பள்ளி தொடங்கப்பட்டது. அங்குத் தலைமை ஆசிரியராகப் பணியாற்றிய கிளாரா மட்சுனோ செருமனியைச் சேர்ந்தவர். ஃப்ரோபெல் மடிப்புகளும் ஜப்பானின் பழைய மடிப்புகளும் ஒரே வகுப்பறையில் கலந்தன. இன்று 'ஓரிகாமி' என்ற பெயரில் உலகம் அறிந்துள்ள எளிய உருவங்களில் எது கிழக்கிலிருந்து வந்தது, எது மேற்கிலிருந்து வந்தது எனப் பிரிப்பது கடினமாக இருப்பதற்கு இக்கலப்பே காரணம்.

சென்னையில் அச்சான நூல்

ஃப்ரோபெலின் மழலையர் முறை உயர் கணிதத்துக்கும் வழிகாட்டியது சென்னையில்தான். 1893இல் தண்டலம் சுந்தர ராவ் எழுதிய 'காகித மடிப்பில் வடிவியல் பயிற்சிகள்' எனப் பொருள்படும் ஆங்கில நூல் சென்னை அடிசன் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. மழலையர் பள்ளியின் எட்டாம் கொடையாகிய காகித மடிப்பே தமக்கு இந்நூலின் எண்ணத்தைத் தந்தது என்று ஆசிரியர் முன்னுரையில் குறிப்பிட்டுள்ளார். அக்கொடை பல நிறங்களில் 200 சதுரத் தாள்களைக் கொண்டது.

சதுரத்தில் தொடங்கி, சமபக்க முக்கோணம், ஐங்கோணம், அறுகோணம் எனச் சென்று, கூம்பு வெட்டு வளைவுகள் வரை மடிப்பினாலேயே விளக்குகிறது அந்நூல். செருமானியக் கணித அறிஞர் ஃபெலிக்ஸ் கிளைன் தம் விரிவுரை நூலில் இதனைச் சுட்டினார். அதனைக் கண்ட அமெரிக்கப் பேராசிரியர்கள் பீமன், ஸ்மித் ஆகியோர் 1901இல் சிகாகோவில் இதன் திருத்திய பதிப்பை வெளியிட்டனர். மூன்று வயதுக் குழந்தை படகு செய்யும் தாளும் கல்லூரி மாணவர் கற்கும் வடிவியலும் ஒன்றே என்பதை உலகுக்குக் காட்டிய நூல்களுள் இது முதன்மையானது.

தமிழ்நாட்டுச் சிறுவர்களின் காகிதக் கப்பல் மரபு பெரும்பாலும் பள்ளிக்கு வெளியே வளர்ந்தது. மழை பெய்து தெருவில் நீர் ஓடும்போது ஏட்டுத் தாளைக் கிழித்துக் கப்பல் விடுவது தலைமுறைகளாகத் தொடரும் விளையாட்டு. சாதாரணக் கப்பலோடு, நீண்டு கூர்மையான முனை கொண்ட 'கத்திக் கப்பல்' செய்யவும் சிறுவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டனர். அக்காள் தம்பிக்கும், அண்ணன் தங்கைக்கும் சொல்லிக்கொடுத்தே இம்மடிப்புகள் நிலைத்தன. புத்தகமோ படமோ தேவைப்படவில்லை. 1939இல் இந்தியா வந்த மரியா மாண்டிசோரி சென்னை அடையாறில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவருடைய முறையில் துணியைக் கோட்டின்படி மடித்தலும், காகிதப் பட்டையை வெட்டுதலும் கைத்திறன் பயிற்சிகளாக இடம்பெற்றன.

பார்த்துச் செய்தலா, படைத்தலா?

ஃப்ரோபெலின் சீடர்கள் காலப்போக்கில் அவருடைய முறையை இறுக்கமான படிநிலைகளாக மாற்றினர். ஆசிரியர் சொல்லும்போது அனைவரும் ஒரே நேரத்தில், ஒரே மூலையை மடிக்க வேண்டும் என்ற நிலை பல பள்ளிகளில் ஏற்பட்டது. இதற்கு எதிர்ப்பும் எழுந்தது. வியன்னாவில் ஃபிரான்ஸ் சிசேக் 1897இல் சிறுவர் கலை வகுப்பைத் தொடங்கினார். முன்மாதிரியைப் பார்த்து வரைவதைத் தவிர்த்து, வண்ணத் தாள்களைக் குழந்தைகள் தம் விருப்பப்படி வெட்டி ஒட்ட அவர் இடமளித்தார். ஜப்பானில் ஓவியர் யமமோட்டோ கனாயே 1919இல் சிறுவர்களின் சுதந்திர ஓவியக் கண்காட்சியை நடத்தினார். அவ்வியக்கம் பரவியபோது, காகித மடிப்பு வெறும் நகலெடுத்தல் எனக் குறைகூறப்பட்டு அதன் செல்வாக்குக் குன்றியது.

மடிப்புக் கலைக்குப் புத்துயிர் அளித்தவர் அகிரா யோஷிசாவா (1911–2005). இளமையில் தொழிற்சாலையில் பணியாற்றியபோது, புதிய தொழிலாளர்களுக்கு வடிவியல் கற்பிக்கக் காகித மடிப்பைப் பயன்படுத்தினார். 1954இல் வெளியான அவருடைய நூலில் புள்ளிக்கோடு, அம்புக்குறி ஆகியவற்றைக் கொண்டு மடிப்பைக் குறிக்கும் முறை விளக்கப்பட்டது. மொழி தெரியாதவரும் படத்தைப் பார்த்து மடிக்க இது வழிவகுத்தது. தாளைச் சற்று ஈரமாக்கி மடிப்பதன் மூலம் வளைவான, உயிரோட்டமுள்ள விலங்கு உருவங்களையும் அவர் படைத்தார். மடிப்பு நகலெடுத்தல் மட்டுமன்று என்பதற்கு அவருடைய படைப்புகளே விடையாயின.

வெட்டுக் காகிதத்துக்கு அத்தகைய உயர்வைத் தந்தவர் பிரெஞ்சு ஓவியர் ஆன்றி மத்தீஸ். 1941இல் பெரும் அறுவை சிகிச்சைக்கு உள்ளான பின் அவர் நெடுநேரம் நின்று வரைய இயலாதவரானார், கத்தரிக்கோலைக் கையிலெடுத்தார். 1946இல் பாரிசில் தம் வீட்டுச் சுவரில் இருந்த கறையை மறைக்க, எழுதும் தாளில் ஒரு பறவையை வெட்டி ஒட்டியதாக அவருடைய உதவியாளர் கூறியுள்ளார். அதனைத் தொடர்ந்து மீன், பவளம், கடற்பாசி, சொறிமீன் என உருவங்கள் பெருகிச் சுவரை நிரப்பின. 1930இல் தாஹிட்டித் தீவில் கண்ட கடலின் நினைவுகள் அவை. 'ஓசியானியா: கடல்' என்ற அப்படைப்பு பின்னர் துணியில் அச்சிடப்பட்டது. இன்று உலகெங்கும் பள்ளிகளில் குழந்தைகள் நீலத் தாளின் மேல் வெள்ளைக் கடற்பாசி வடிவங்களை வெட்டி ஒட்டும் பயிற்சிக்கு மத்தீசின் படைப்புகளே முன்மாதிரி. அமெரிக்க எழுத்தாளர் எரிக் கார்ல், மெல்லிய தாள்களுக்குத் தாமே வண்ணம் தீட்டி, வெட்டி ஒட்டிப் படங்கள் உருவாக்கினார். துறவி நண்டு பற்றிய அவருடைய 1987ஆம் ஆண்டு நூலும், கடற்குதிரை பற்றிய 2004ஆம் ஆண்டு நூலும் இம்முறையில் அமைந்தவை.

இவ்விவாதம் இன்றும் முடியவில்லை. அச்சிட்ட மீனை வெட்டி, குறித்த இடத்தில் கண்ணை ஒட்டினால் வகுப்பில் முப்பது மீன்களும் ஒன்றுபோல் இருக்கும். ஆயினும் ஒழுங்கான மடிப்புக்கு வேறு பயன் உண்டு. விளிம்போடு விளிம்பைச் சேர்த்து அழுத்தும் பழக்கம் இல்லாத கை, தான் எண்ணியதையும் செய்ய இயலாது. எனவே முதலில் அடிப்படை மடிப்பைக் கற்பித்து, அதிலிருந்து எந்த உயிரினம் செய்வது என்பதைக் குழந்தைக்கே விட்டுவிடும் நடுவழியைப் பல ஆசிரியர்கள் பின்பற்றுகின்றனர்.

கடலுயிர்களும் கணிதமும்

பழைய மடிப்புகளில் பறவையும் படகும் மிகுதி. நண்டும் எண்காலியும் அரிது. இதற்கு வடிவியல் காரணம் உண்டு. சதுரத் தாளுக்கு நான்கு மூலைகளே உள்ளன. தலை, வால், இரு சிறகு கொண்ட பறவைக்கு அவை போதும். கொடுக்குகளையும் சேர்த்துப் பத்துக் கால்கள் உடைய நண்டுக்குப் போதா. ஒவ்வொரு காலுக்கும் தாளில் வட்ட வடிவமான அல்லது அதன் பகுதியான இடம் தேவைப்படும். அவ்வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் தாளுக்குள் அடங்க வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் இயற்பியலாளர் ராபர்ட் லாங் முதலியோர் இதனைக் கணித முறையாக வளர்த்தனர். ஜான் மான்ட்ரோலுடன் சேர்ந்து லாங் வெளியிட்ட நூல் ஒன்று முழுவதும் கடலுயிர்களுக்கே உரியது. இத்துறையில் வளர்ந்த கணிதம் விண்வெளித் தொலைநோக்கிகளை மடித்து அனுப்பும் ஆய்வுகளிலும் பயன்பட்டுள்ளது.

சிறு குழந்தைகளுக்கு இக்கடின மடிப்புகள் தேவையில்லை. தாளை உருளையாகச் சுருட்டி, கீழ்ப்பகுதியை எட்டுப் பட்டைகளாக வெட்டிச் சுருட்டினால் எண்காலி. அரைவட்டத் தாளின் கீழ் மெல்லிய தாள் நாடாக்களை ஒட்டினால் சொறிமீன். விசிறி மடிப்பில் துடுப்பு. கால்களை எண்ணி வெட்டும்போது உயிரியலும் சேர்ந்து வருகிறது. நண்டுக்கு எத்தனை கால், சொறிமீனுக்கு எலும்பு உண்டா என்ற கேள்விகள் கைவேலையின் நடுவே இயல்பாக எழுகின்றன.

காகிதக் கப்பல் மிதக்கும் விதம்

ஒரு சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள ஏ4 தாள் ஒன்றின் எடை ஏறத்தாழ 5 கிராம். ஆர்க்கிமிடீசு விதிப்படி, அத்தாளில் செய்த கப்பல் மிதக்க 5 கிராம் நீரை, அதாவது ஒரு தேக்கரண்டி அளவு நீரை, விலக்கினால் போதும். அதனால்தான் தட்டையான கப்பலின் அடிப்பகுதியை விரித்து அகலமாக்கினால் சில நாணயங்களையும் தாங்குகிறது. பின்னர் மூழ்குவதற்குக் காரணம், தாளின் செல்லுலோசு இழைகள் நுண்புழை விசையால் நீரை உறிஞ்சுவதே. இழைகளை ஒன்றோடொன்று பிணைத்த பிணைப்புகள் நீரால் தளர்ந்து தாள் நைகிறது. மெழுகு வண்ணக்கோலால் தாளின் இருபுறமும் அழுத்தித் தீட்டினால் கப்பல் கூடுதல் நேரம் மிதக்கும். எத்தனை நாணயம் தாங்கும், எவ்வளவு நேரம் மிதக்கும் என ஒப்பிட்டுப் பார்ப்பது தொடக்கப் பள்ளிகளுக்கு ஏற்ற எளிய சோதனை.

கடல் பாதுகாப்பும் கைவினைப் பொருள்களும்

1992இல் முன்மொழியப்பட்டு, ஐக்கிய நாடுகள் அவையின் ஏற்பைப் பெற்று, 2009 முதல் சூன் 8ஆம் நாள் உலகப் பெருங்கடல் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்நாளையொட்டிப் பள்ளிகளில் கடல்சார் கைவினைகள் மிகுதியாகச் செய்யப்படுகின்றன. இங்கு ஒரு முரண்பாடும் உள்ளது. மீனின் செதில் மின்ன வேண்டும் என்பதற்காகத் தூவப்படும் மினுக்குத் தூள் பெரும்பாலும் நெகிழிப் படலத்தைப் பொடியாக்கிச் செய்யப்படுவது. மேசையைத் துடைத்த துணியிலிருந்தும், கழுவிய கையிலிருந்தும் அது நீரோடு சென்று நுண்நெகிழியாக ஆற்றையும் கடலையும் அடைகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023ஆம் ஆண்டு அக்டோபரில் நடைமுறைப்படுத்திய நுண்நெகிழிக் கட்டுப்பாட்டில் இத்தகைய தூளும் அடங்கும். உருளும் நெகிழிக் கண்கள், நெகிழி உறையிட்ட தாள், உறிஞ்சுகுழல் ஆகியவையும் இவ்வகையினவே.

இவற்றுக்கு மாற்றுகள் எளியவை, பல பழையவையும்கூட. கண்ணுக்குத் துளையிடும் கருவியிலிருந்து விழும் தாள் வட்டம் போதும். மின்னும் செதிலுக்கு வண்ணப் பத்திரிகைத் தாளின் துண்டுகள் பயன்படும். ஒட்டுவதற்கு மைதாப் பசை, அலைக்குப் பழைய நீல உறைகள் என வீட்டில் இருப்பவையே உதவும். இவ்வாறு செய்த மீனை மக்கும் குப்பையில் இட்டால் சில வாரங்களில் மண்ணோடு கலந்துவிடும். நெகிழி கலவாத தாளில் செய்த கப்பல் நீரில் நைந்து கரைவது குழந்தைக்கு ஏமாற்றமாக இருக்கலாம். கடலைப் பொறுத்தவரை அதுவே அதன் நல்ல இயல்பு. ஓலையிலும் ஏட்டுத் தாளிலும் பொம்மை செய்த தலைமுறைகள், தாம் செய்த எதையும் கடலில் எஞ்சவிடவில்லை.